பதினான்கு கோடுகள்

வத்தேகம
27.10.1997

அன்புள்ள கைரியா டீச்சருக்கு,

பெண் குழந்தை என்றும் தாயும் பிள்ளையும் சுகம் என்றும் பியோன் இராமையா சொன்னார். சந்தோஷம். அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. மே மாதம் ஆசிரியர் அறையில் உங்கள் கதிரையை என் பக்கத்திலிருந்து ஜன்னலோரத்துக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு நாம் பேசிக்கொண்டதெல்லாம் வெண்கட்டி இருக்கிறதா, மணி அடித்துவிட்டதா என்பதுதான்.

ஆனால் வாழ்த்துச் சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. உங்கள் வகுப்புத் தவமலரைக் காணவில்லை. 17ஆம் திகதி வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரவில்லை என்று அவளுடைய அப்பா கறுப்பையா ஞாயிற்றுக்கிழமை பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். அந்த வெள்ளிதான் பிரசவ லீவுக்கு முந்திய உங்கள் கடைசி நாள். பொலிஸார் வந்தபோது அதிபர் பதினோராம் ஆண்டின் வரவு இடாப்பை விரித்துக் காட்டினார். அன்று அவள் பெயருக்கு நேரே, வந்தாள் என்று நீங்கள் போட்ட கோடு இருக்கிறது. அதற்கு முந்திய நாட்களிலும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, பஸ் நிலையத்துப் போட்டோ கொப்பிக் கடை ராஜலிங்கத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவளுடைய கொப்பி ஒன்று அவன் கடையில் இருந்ததாம். வெள்ளி மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு மெஷினுக்கு மை வாங்கத் தனியாகக் கண்டிக்குப் போயிருக்கிறான். "மூணு கிழமையா அந்தப் புள்ளய நான் பாக்கவே இல்ல சேர்" என்றானாம். தினமும் உன் கடையைத் தாண்டித்தானே பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறாள், இடாப்பு சொல்கிறதே என்று கேட்டார்களாம். நவம்பர் நான்காம் திகதி வரை விளக்கமறியல். இருபத்து நாலு வயதுத் தமிழ்ப் பொடியன் உள்ளே போனால் இந்த நாட்களில் வேறு என்னென்ன கேட்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டேன். நாற்பத்திரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு "தெரியாது டீச்சர்" என்கிறார்கள். பிள்ளைகள் மனக்குறையை எழுதிப் போடும் என் ஆலோசனைப் பெட்டியிலும் ஒரு துண்டு விழவில்லை. வெள்ளிக்கிழமை அவள் யாரோடு இருந்தாள், எந்த மனநிலையில் இருந்தாள், எந்தப் பக்கம் போனாள் என்று ஞாபகம் இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள். எனக்காக வேண்டாம், ராஜலிங்கத்துக்காக.

இப்படிக்கு,
இராஜகுமாரி


அக்குறணை
1.11.1997

இராஜகுமாரி டீச்சருக்கு,

நாற்பது நாள் முடியும் வரை கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பது உம்மாவின் சட்டம். வாசிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது, ஊசியில் நூல் கோர்க்கவும் கூடாது. உம்மா மத்தியான ளுஹர் தொழப் போன நேரத்தில் ஒளித்து எழுதுகிறேன். அதனால் சுருக்கமாக.

கதிரையை ஏன் இழுத்தேன் என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. இப்போது கேட்காமலே சொல்கிறேன். உம்மு குல்சும் உங்கள் பெட்டியில் ஒரு துண்டு போட்டாள். வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள், எனக்குப் படிக்க வேண்டும் என்று எழுதினாள். நீங்கள் அதை அதிபரிடம் கொண்டுபோனீர்கள். அதிபர் வாப்பாவைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் கேட்டார். மறுநாள் பிள்ளை வரவில்லை. இரண்டு கிழமையில் நிக்காஹ் முடிந்தது. அந்தப் பேச்சு மூன்று மாதத்தில் அப்படியே ஆறிப்போயிருக்கும், எனக்குத் தெரியும், அவர்கள் எங்கள் ஊர் ஆட்கள். உங்கள் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது டீச்சர். உங்களுக்குத்தான் இல்லை.

தவமலரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. இடாப்பில் உள்ளதுதான் உள்ளது. ராஜலிங்கம் தப்பானவன் இல்லை என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு பிள்ளை விஞ்ஞானக் கொப்பியைப் பிரதி எடுக்கக் கொடுத்தால் அது குற்றமா? அவனை விட்டுவிடுவார்கள். உண்மையான ஆதாரம் இல்லாமல் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?

மகள் அழுகிறாள்.

கைரியா


வத்தேகம
5.11.1997

அன்புள்ள கைரியா டீச்சருக்கு,

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். நேற்று நீதிமன்றத்தில் 18ஆம் திகதி வரை நீடித்துவிட்டார்கள்.

உம்மு குல்சும் விஷயத்தில் நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். கோபம் வந்தது. பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், பிள்ளைக்கு ஆபத்து என்றால் மேலிடத்துக்குச் சொல் என்று. சட்டப்படி நான் செய்தது சரி. ஆனால் அந்தப் பிள்ளையிடம் "நான் அதிபரிடம் சொல்லப்போகிறேன், சரியா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை இன்றைக்குத்தான் எழுத வருகிறது. எழுதிவிட்டேன், விடுங்கள்.

சனிக்கிழமை அவர்களுடைய தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். கறுப்பையா என்னைக் கண்டதும் பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டார். தவமலரின் அம்மா வேலாயிதான் இருந்தார். உட்காரச் சொல்லிவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராச் சுவரில், ஆணியில், பொலித்தீன் பைக்குள் தவமலரின் வெள்ளைச் சீருடை தொங்கியது. இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. தொட்டுப் பார்த்தேன், பைக்கு மேல் புகைத் தூசி.

"இவளுக்கு எத்தனை சட்டை வேலாயி?"

"அது ஒண்ணுதான் டீச்சரம்மா."

"எப்ப தொவச்சது?"

"நவராத்திரிக்கு முந்தி." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது.

"அப்ப வெள்ளிக்கிழம எதப் போட்டுக்கிட்டு வந்தா?"

வேலாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அவங்கப்பா பொலிஸ்ல சொன்னதுதான். அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க. இந்தக் காம்பராவும் தோட்டத்துக்காரங்க குடுத்ததுதான், அந்த வேலையும் அவங்க குடுத்ததுதான்."

டீச்சர், அந்தப் பிள்ளை மூன்று கிழமையாகப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அதனால்தான் நாற்பத்திரண்டு பேரும் தரையைப் பார்க்கிறார்கள். உங்களைக் காட்டிக்கொடுக்க ஒரு பிள்ளைக்கும் மனம் வரவில்லை. ராஜலிங்கம் பொலிஸில் சொன்னது ஒரே ஒரு உண்மை. அது உங்கள் கோட்டால் பொய்யாகிவிட்டது. அதிபரிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "இடாப்பில் கைவைத்தால் பள்ளிக்கூடமே நாறும் மிஸ்" என்றார். நான் சொன்னால் ஊகம். நீங்கள் எழுதினால்தான் சாட்சி.

இன்னொன்று. அவளுடைய கொப்பி என்றுதான் எழுதினேன், எந்தக் கொப்பி என்று எழுதவில்லை. விசாரித்தேன், நீங்கள் சொன்னது சரி, விஞ்ஞானம்தான். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கிறேன்.

இராஜகுமாரி


அக்குறணை
9.11.1997

இராஜகுமாரி டீச்சருக்கு,

ஆமாம். கோடு பொய்.

இது இன்றைக்கு நேற்று வந்த பழக்கமில்லை, உங்களுக்கும் தெரியும். கொழுந்துக் காலத்தில் தாய்மார் இருட்டோடு மலைக்குப் போனால், கைக்குழந்தையைப் பார்க்கப் பெரிய பிள்ளை வீட்டில் நிற்கும். எண்பது வீதம் வரவு இல்லாவிட்டால் டிசம்பரில் வரும் சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்கு விட மாட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டில் இருந்துகொண்டு படிக்கத்தானே செய்கிறார்கள் என்று நினைத்துச் சுழி போட வேண்டிய இடத்தில் கோடு போட்டேன். மூன்று வருடமாகப் போடுகிறேன். என் வகுப்பில் பரீட்சைக்குத் தடைப்பட்ட பிள்ளை ஒருத்தியும் இல்லை என்று அதிபர் கூட்டத்தில் பாராட்டியபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் அதை அடக்கம் என்று நினைத்தீர்கள்.

செப்டம்பர் 26, வெள்ளி. கடைசி மணிக்குப் பிறகு தவமலர் வந்தாள். "டீச்சர், கொஞ்ச நாள் வரமாட்டேன். கோடு போடுவீங்களா?" என்றாள். எங்கே போகிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு எட்டு மாத வயிறு, காலெல்லாம் வீக்கம், அக்குறணைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சரி போ என்றேன். முழுநிலாப் போயா விடுமுறையைக் கழித்துப் பதினான்கு நாள். பதினான்கு கோடுகள்.

இப்போது எழுதித் தா என்கிறீர்கள். எழுதினால் என் வேலை போகும். அதைக்கூட விடுங்கள். பரீட்சைக்கான வரவுச் சான்றை 17ஆம் திகதியோடு கணக்கெடுத்து நான்தான் கையெழுத்திட்டு அனுப்பினேன். தவமலருக்கு எண்பத்தொரு வீதம். பதினான்கைக் கழித்தால் எழுபத்திரண்டு. அவள் எங்கிருந்து வந்து நின்றாலும் டிசம்பரில் பரீட்சை எழுத முடியாது. அந்தத் தோட்டத்திலிருந்து பதினோராம் ஆண்டு வரை வந்த முதல் பெண் பிள்ளை அவள்.

நான் எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள். நீங்கள் எரிக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், அதுதான் எனக்கே விளங்கவில்லை.

கைரியா


வத்தேகம
12.11.1997

அன்புள்ள கைரியா டீச்சருக்கு,

உங்கள் கண்ணைச் சிரமப்படுத்தக் கூடாது என்கிறார் உம்மா. நியாயம்தான். இந்தக் கடிதத்தை உங்களுக்கு வேறு யாராவது வாசித்துக் காட்டட்டும். உறையின் மேலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

நேற்று ராஜலிங்கத்தைப் பார்க்கப் போனேன். அவனுடைய அம்மா இரத்தினம்மாவும் வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று வலது காதை எங்கள் பக்கம் திருப்பித் திருப்பிக் கேட்டான். இடது காது எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று நான் கேட்டதற்கு, பின்னால் நின்ற காவலரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவன் கேட்டது ஒன்றுதான். "அந்தப் புள்ள கெடச்சிருச்சா டீச்சர்?" இல்லை என்றேன். "கெடச்சா, அந்தக் கொப்பியில பாதிதான் பிரதி எடுத்தேன்னு சொல்லுங்க. மை முடிஞ்சிருச்சு. மிச்சத்த வந்து எடுத்துத் தாறேன்" என்றான். தனக்காக அவன் ஒன்றும் கேட்கவில்லை.

இரத்தினம்மா தினமும் காலையில் வந்து பூட்டின கடைக்கு முன்னால் உட்காருகிறார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அவரைத் தாண்டிப் போய் நிற்கிறார்கள். இரண்டு பேர் கடைக் கதவில் கரியால் என்னவோ எழுதியிருந்தார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர், என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். கடையின் பெயர் என்று பொய் சொன்னேன். ஆக, பொய் எழுதுகிறவர் நீங்கள் மட்டுமில்லை.

ஜூன் மாதம் என் பெட்டியில் பெயர் போடாத ஒரு துண்டு விழுந்தது. கோடில்லாத தாளில் பென்சிலால் கோடு இழுத்து, அதன் மேல் எழுதிவிட்டு, பென்சில் கோட்டை அழித்திருந்தது. "சொன்னா யாருக்கும் சொல்லாம இருப்பீங்களா டீச்சர்?" அவ்வளவுதான். நான் காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, "அது விஷயத்தைப் பொறுத்தது" என்று பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பென்சில் கோடு இழுத்து அழிக்கிற அதே கையை இந்தக் கிழமை மறுபடி பார்த்தேன். எங்கே என்று எழுத மாட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பொலிஸுக்குப் போகவில்லை, அதிபருக்கும் தெரியாது. 18ஆம் திகதிக்கு முன்னும் சொல்ல மாட்டேன், பின்னும் சொல்ல மாட்டேன். ஜூன் மாதம் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

ராஜலிங்கத்துக்கு மறுபடி மறியலை நீடித்தாலும் சொல்ல மாட்டேனா என்று என்னையே இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்ல மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

இராஜகுமாரி


அக்குறணை
15.11.1997

ராஜி,

தம்பி பளீல் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலுக்கு நேரமில்லை.

நீங்கள் கெட்டிக்காரி. அதை ஒப்புக்கொண்டுவிட்டுத் திட்டுகிறேன். உறையின் மேல் "வாசித்துக் காட்டவும்" என்று எழுதினால் இந்த வீட்டில் யார் வாசிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுடைய முதல் இரண்டு கடிதங்களையும் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன். ராஜலிங்கத்தைப் பிடித்தது தவமலருக்குத் தெரியவே கூடாது என்று. மூன்றாவதைத் தபால்காரரிடம் வாங்கினவள் அவள். உம்மாவே சொன்னார், "புள்ள, டீச்சருக்குப் படிச்சுக் காட்டு, அவ கண்ணு கெட்டுப் போகும்" என்று. நான் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், எழும்ப முடியவில்லை. அவள் என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். "இடது காது" என்ற இடத்தில் நிறுத்தினாள். மிச்சத்தை மனதுக்குள் வாசித்துவிட்டு மடித்து என் கையில் தந்தாள்.

எல்லாவற்றையும் சொல்கிறேன். செப்டம்பர் 29 திங்கள், கறுப்பையா அவளைக் கண்டியில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டார். தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் தங்கை வீடு. கிளாக்கர் கேட்டால் எப்படி மறுப்பது? அடுக்களைக்குப் பக்கத்தில் சாமான் அறையில் படுக்கை. கதவின் உள்பக்கம் பூட்டிக்கொள்ள ஒரு கொண்டி இருந்தது. 17ஆம் திகதி மத்தியானம் கூட்டிப் பெருக்கப் போனபோது கொண்டியைக் காணவில்லையாம். நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருந்ததாம். வீட்டு ஐயா மண்டபத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டு இருந்தாராம். அவள் விளக்குமாற்றைக் கதவில் சாய்த்துவிட்டு அப்படியே இறங்கி நடந்துவிட்டாள். வீட்டுக்குப் போனால் அப்பா திரும்பக் கொண்டுவந்து விடுவார். மாத்தளை பஸ்ஸில் ஏறி அக்குறணையில் இறங்கி, எங்கள் வீட்டுக்கு அடையாளம் பள்ளிவாசலுக்குப் பின்னால் இரும்புக் கடை என்று நான் எப்போதோ வகுப்பில் சொன்னதை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். அன்று காலையில்தான் அவளுக்குப் பதினான்காவது கோட்டைப் போட்டிருந்தேன்.

பெண்ணைக் காணவில்லை என்று கிளாக்கர் சொன்னதும் கறுப்பையாவுக்கு வாய் கட்டிப்போயிற்று. தங்கை வீட்டுப் பெயர் வெளியே வரக்கூடாது, வந்தால் காம்பராவை விட வேண்டும் என்றாராம் கிளாக்கர். அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை என்று முறைப்பாடு. என் கோடும் அவர் பொய்யும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை, ஆனால் கச்சிதமாகப் பொருந்திவிட்டன.

யாருக்கும் சொல்ல வேண்டாம் டீச்சர், பரீட்சை எழுதும் வரைக்கும் என்று கெஞ்சினாள். சொல்லலாமா என்று நினைத்தபோது உங்கள் பெட்டிதான் எனக்கு ஞாபகம் வந்தது. நாற்பது நாள் இந்த அறைக்குள் ஆண்கள் யாரும் வர மாட்டார்கள், அயலார் வந்தாலும் வாசலோடு போவார்கள். இதைவிடப் பத்திரமான இடம் எது? மகளின் துணி துவைப்பாள், எனக்குச் சுடுதண்ணீர் வைப்பாள், மிச்ச நேரம் விஞ்ஞானம் படிப்பாள். நான் சொன்னபடி உறையில் உங்கள் முகவரியையும் எழுதினாள். அந்தப் பென்சில் கோடு என் கண்ணில் படவே இல்லை.

ஒருவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் பதினைந்து நாள் நான் அவளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் ராஜி. அவனுக்குக் காது போன நாள் எது என்று எண்ணிப் பார்க்கிறேன். என் முதல் கடிதத்துக்கு முன்பாக இருக்க வேண்டும் என்று துஆ கேட்கிறேன். இது என்ன துஆ?

வாசித்து முடித்தபின் அவள் அழவில்லை. "நான் போறேன் டீச்சர். நான் வந்து நின்னா விட்டுருவாங்கல்ல?" என்றாள். பரீட்சை போய்விடும் என்றேன். "தெரியும்" என்றாள். "அந்த அண்ணன் காசு வாங்காமத்தான் பிரதி எடுத்துக் குடுத்தாரு."

செவ்வாய்க்கிழமை காலை நீதிமன்றத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இடாப்பைப் பற்றி எழுதிய வாக்குமூலத்தையும் கொண்டுவருகிறேன். அன்றைக்கு எனக்கு இருபத்தெட்டாம் நாள். உம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. "நாப்பது முடியாம படி எறங்கினவ நம்ம வீட்டுல ஒருத்தியும் இல்ல" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. அவள் அந்த வீட்டுக்கும் போகக் கூடாது, அப்பாவிடமும் போகக் கூடாது. அதற்கு வழி செய்ய முடியுமா? பளீல் பதிலோடு வரட்டும்.

கைரியா


வத்தேகம
15.11.1997

கைரியா,

பளீல் வாசலில் நிற்கிறார். தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

என் வீட்டில் தங்கட்டும். சிறுவர் நன்னடத்தை அலுவலரிடம் திங்கட்கிழமை நானே போய் அனுமதி எழுதி வாங்குகிறேன். ஆனால் அதற்கு அவளுடைய பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று அவளைக் கேளுங்கள். நாளை பளீலையோ வேறு யாரையோ அனுப்பி ஆம் இல்லை என்று சொல்லச் சொல்லுங்கள். பதில் வரும் வரை வாய் திறக்க மாட்டேன்.

கடிதத்தை உங்கள் முகத்துக்கு நேரே எழுதாமல் அவளை நினைத்து எழுதியது உண்மை. அது சூழ்ச்சிதான். ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் தோளில் பாரத்தைத் தூக்கி வைத்துவிட்டு, நான் யாரிடமும் சொல்லவில்லை என்று நல்லபிள்ளையாக இருந்துவிட்டேன். நீங்கள் திட்டினது போதாது.

சால்வை கொண்டுவாருங்கள், நீதிமன்ற வராந்தாவில் குளிர் அடிக்கும். குழந்தையைத் தூக்கிக்கொள்ள நான் இருப்பேன்.

ராஜி


வத்தேகம
9.1.1998

அன்புள்ள கைரியா,

உங்கள் பணி இடைநிறுத்தக் கடிதம் வந்துவிட்டது என்று இராமையா சொன்னார். விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். உண்மையைத்தான் சொல்வேன், ஆனால் எந்த உண்மையை முதலில் சொல்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீதிமன்றத்தில் விட்ட பிறகும் ராஜலிங்கம் கடையைத் திறக்கவில்லை. மெஷினை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான். போகும் முன் விஞ்ஞானக் கொப்பியைப் பொலிஸிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டுவந்து என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். உள்ளே வரவில்லை. இரத்தினம்மா சந்தையில் என்னைக் கண்டார். "ஒரு கோட்டுக்கு எம் மகன் காது" என்று மட்டும் சொல்லிவிட்டு மரக்கறியைப் பொறுக்கத் தொடங்கினார். கண்டி வீட்டு ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொண்டி கழன்று விழுந்ததாம். கறுப்பையாவுக்குத் தோட்டத்தில் ஒழுங்காக வேலை கொடுக்கிறார்கள் இல்லை. வேலாயி ஞாயிறு தோறும் வந்து மகளின் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் போகிறார்.

பரீட்சை தொடங்கிய நாளில் தவமலர் அதிகாலையிலேயே எழும்பிச் சீருடைக்கு இஸ்திரி போட்டாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். எங்கேயும் இல்லை என்று மடித்து வைத்துவிட்டாள். 

இந்த வருடம் பதினோராம் ஆண்டை அதிபர் என் தலையில் கட்டிவிட்டார். இடாப்பும் என்னிடம். திங்கட்கிழமை பெயர் கூப்பிட்டேன். "தவமலர்" என்றதும் "வந்திருக்கேன் டீச்சர்" என்றாள். பழைய வகுப்புப் பிள்ளைகளெல்லாம் போய்விட்டார்கள், தன்னைவிடச் சின்னவர்களோடு பின் வரிசையில் இருக்கிறாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் கோடு போட்டேன்.

இன்றைக்குக் கடைசி மணிக்குப் பிறகு ஒரு பிள்ளை வந்தது. பெயர் எழுத மாட்டேன். "டீச்சர், திங்கக்கெழமையிலேர்ந்து கொஞ்ச நாள் வரமாட்டேன். கைரியா டீச்சர் மாதிரி நீங்களும் கோடு போடுவீங்களா?" என்றது. எங்கே போகிறாய் என்று கேட்டேன். சொல்லவில்லை. சுழி போட்டால் டிசம்பரில் இன்னொரு தவமலர் இஸ்திரி போட்டு மடித்து வைப்பாள். கோடு போட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை இடாப்பு என் முன்னால் இருக்கும். நான் என்ன செய்ய?

ராஜி


அக்குறணை
11.1.1998

அன்புள்ள ராஜி,

பளீல் நாளைக் காலை முதல் பஸ்ஸில் வந்து இதை உங்கள் கையில் தருவார். மணி அடிக்கும் முன் வாசித்துவிடுங்கள்.

மூன்று வருடம் அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தவள் சொல்கிறேன். வரவில்லை என்றால் சுழி போடுங்கள். போட்டுவிட்டு இடாப்பை மூடிவைக்காதீர்கள். அன்று மத்தியானமே குடையை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போங்கள். கதவில் கொண்டி இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வீட்டுக்குப் போய்விட்டாள் என்றால் அந்த வீட்டுக்கும் போங்கள். மறுநாளும் வரவில்லை என்றால் மறுநாளும் போங்கள். நான் பதினான்கு நாள் கோடு போட்டேன், ஒரு நாளாவது போகவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. விசாரணையில் கேட்டால் அந்த உண்மையை முதலில் சொல்லுங்கள்.

எனக்கு இப்போது வேலையில்லை, நாற்பதும் முடிந்துவிட்டது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் திங்கட்கிழமை ஒன்றரைக்கு வத்தேகம பஸ் நிலையத்தில், அந்தப் பூட்டின கடைக்கு முன்னால் நிற்பேன். மகளையும் தூக்கிக்கொண்டு வருவேன், உம்மா திட்டட்டும்.

கைரியா